வாடகைக்கு விடும் வீட்டில் வெளிச்சம் வர வேண்டாமா?

சென்னையில் வாடகை வீடு என்று பேச்சு எடுத்தாலே வாடகை ஏறிப்போச்சு, அட்வான்ஸ் கொள்ளை, சைவமா அசைவமா என்று கேட்கிறார்கள், இதோடு பேச்சு முடிந்துவிடும். எல்லாம் நியாயமான கோபம்தான். ஆனால் அந்த வீடு மனிதர் குடியிருக்கத் தக்கதா என்ற கேள்வி மட்டும் வருவதே இல்லை. குடிவருபவர் கேட்க மாட்டார். கேட்டால் அடுத்த ஆள் வந்து சாவியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதனால் அரசுதான் கேட்க வேண்டும் என்கிறேன்.

என் அக்கா மகள் சைதாப்பேட்டையில் ஒரு போர்ஷனில் இருந்தாள். பழைய தனி வீட்டை மூன்றாகத் தடுத்து விட்டிருந்தார்கள். முன்னால் இருப்பவருக்குத் தெரு, பின்னால் இருப்பவருக்குக் கிணற்றடி, நடுவில் இவள். படுக்கையறைக்கு ஜன்னல் உண்டு. திறந்து கையை நீட்டினால் பக்கத்து வீட்டுச் சுவர் தட்டும். அந்தச் சந்தில் மேல்மாடி ஏசியின் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். பகல் பதினோரு மணிக்கு அரிசியில் கல் பொறுக்க டியூப்லைட் போட வேண்டும். ஒருநாள் பீரோவை நகர்த்திப் பார்த்தால், பின்சுவரில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறி, சுண்ணாம்பு பொரிந்து, கறுப்பாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. அவள் பையனுக்கு அப்போது மூன்று வயது, ஓயாத வீசிங். டாக்டர் மருந்துச் சீட்டை எடுப்பதற்கு முன்பே கேட்டது, "வீட்டுக்குள்ள வெயில் வருமாம்மா?"

வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, "வாடகைக்கு ஏத்த வீடுதானேம்மா, பிடிக்கலைன்னா காலி பண்ணிக்குங்க" என்றார். அவரைத் திட்ட எனக்கு மனமில்லை. அவர் அப்படிச் சொல்வதைத் தடுக்க நம்மிடம் எதுவும் இல்லை என்பதுதான் பிரச்சினை.

விதி இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பைப் புரட்டினால் எல்லாம் இருக்கிறது. குடியிருக்கும் அறை 9.5 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது, அதாவது ஏறக்குறைய 102 சதுர அடி. அகலம் 2.4 மீட்டராவது வேண்டும். உயரம் 2.75 மீட்டர், நம் கணக்கில் ஒன்பது அடி. சமையலறை 5 சதுர மீட்டர். நம் ஊர் மாதிரி புழுக்கமான ஊர்களில் ஜன்னல் முதலான திறப்புகள் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தொகுப்பு என்பது பரிந்துரைதான், கட்டாயமாக்க வேண்டியது மாநிலங்கள். தமிழ்நாட்டுக்கு 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் இருக்கின்றன.

ஆனால் இந்த விதிகளெல்லாம் பிளான் அப்ரூவல் வாங்கும் நாளுக்கானவை. வரைபடத்தில் ஜன்னல் இருக்கும், பக்கத்தில் இடைவெளி விட்டிருக்கும், நடுவில் காற்றுக்கு டக்ட் இருக்கும். பத்து வருடம் கழித்து அந்த டக்ட்டின் மேல் ஷீட் போட்டு மூடி, கீழே ஒரு பாத்ரூம் கட்டி, "இன்னொரு போர்ஷன் ரெடி" என்று பலகை மாட்டும்போது யாரும் வந்து பார்ப்பதில்லை. சிறிய குடியிருப்புக் கட்டடங்களுக்குக் குறிப்பிட்ட அளவு வரை பணி நிறைவுச் சான்றும் தேவையில்லை. விதிப்படிதான் கட்டுகிறேன் என்று கட்டுபவரே சான்று கொடுக்கும் சுயசான்று முறை 2024-ல் வந்தது; அதில் 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. அலைச்சலும் லஞ்சமும் குறையும் என்பதால் அந்த முறையை நான் வரவேற்கிறேன். ஆனால் கட்டும்போது பார்க்க மாட்டோம் என்றால், வாடகைக்கு விடும்போதாவது பார்க்க வேண்டாமா?

பார்க்க ஆள் இல்லை என்ற பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. 2022-ல் சொத்துவரியை ஏற்றியபோது 600 சதுர அடிக்குள், 1,200-க்குள், 1,800-க்குள் என்று மாநகராட்சி பிரித்து வைத்ததே! எந்த வீடு எத்தனை சதுர அடி என்று வரி போடத் தெரிகிறது. அதே வீட்டில் கக்கூஸ் எத்தனை குடும்பத்துக்குப் பொது, மின்கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. மீட்டர் பெட்டியில் இருக்கிறதா என்று இரண்டு வரி கூடுதலாக எழுதிக்கொள்ள என்ன தடை?

புதிய வாடகைச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் அட்டவணையில் கட்டமைப்புப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, மின் வயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு என்று தெளிவாகவே இருக்கிறது. தண்ணீரையும் கரண்ட்டையும் நிறுத்தி மிரட்டக்கூடாது என்றும் இருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அது பழுதைப் பற்றிப் பேசுகிறது. வெளிச்சமே வராத அறையில் பழுது ஏது? அது கட்டும்போதே அப்படித்தான்.

இன்னொன்று என்னை உறுத்துகிறது. 1971ஆம் ஆண்டின் குடிசைப் பகுதிச் சட்டம் ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அறிவிக்கும்போது, அங்குள்ள வீடுகள் மனிதர் வாழத் தகுதியற்றவையா என்று பார்க்கச் சொல்கிறது. நெரிசல், காற்று, வெளிச்சம், சுகாதார வசதி எல்லாம் கணக்கில் வரும். ஆக, தகுதியான வீடு எது என்று அரசுக்கு ஐம்பது வருடங்களுக்கு மேலாகத் தெரியும். கூவம் கரையில் இருப்பவரை அரசு காலி செய்கிறது. அதே ஆளைக் கொண்டுபோய்க் கண்ணகி நகர் மறுகுடியமர்வுக் குடியிருப்பில் குடிவைத்தபோது, ஆரம்பத்தில் கட்டிய வீடுகள் 200 சதுர அடிகூட இல்லை. 2021-ல் குடிசை மாற்று வாரியம் கட்டிய புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பில் கையால் சுரண்டினாலே பூச்சு உதிர்ந்ததை எல்லோரும் டிவியில் பார்த்தோம். அதே ஆண்டு டிசம்பரில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட வாரியக் கட்டடம் சரிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்து ஜனங்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. அவர்களைக் காப்பாற்றியது அவர்கள் கண்தான், எந்த ஆய்வாளரும் இல்லை.

மும்பை கோவண்டிப் பக்கம் நட்வர் பாரேக் காம்பவுண்ட், லல்லுபாய் காம்பவுண்ட் என்று மறுகுடியமர்வுக் குடியிருப்புகள் இருக்கின்றன. கட்டடங்களை நெருக்கி நெருக்கிக் கட்டியதில், வெளிச்சமும் காற்றும் எட்டாத கீழ்த்தளங்களில் காசநோய் கூடுதல் என்று அங்கு நடந்த ஆய்வு சொன்னது. இங்கே மேல்தளத்துக்கு வேறு தண்டனை. மொட்டை மாடியில் ஷீட் போட்ட அறையில் மே மாதம் ஒரு மதியம் உட்கார்ந்து பாருங்கள். 2024-ல் தமிழ்நாடு அரசே வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பேரிடர் என்று சொல்லியாயிற்று, அந்தப் பேரிடருக்குள் மனிதரைக் குடிவைத்து மாதாமாதம் வாடகை வாங்குவதை என்ன செய்யப் போகிறோம்?

இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. வீட்டுச் சுவரின் பூஞ்சைதான் காரணம் என்று 2022-ல் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். அப்பா வருடக்கணக்கில் புகார் கொடுத்திருந்தார். இன்று அந்தக் குழந்தையின் பெயரில் அங்கே சட்டம் இருக்கிறது; சமூக வீடுகளில், அதாவது குறைந்த வாடகைக்கு விடும் பொது வீடுகளில், உயிருக்கு ஆபத்தான குறையை 24 மணி நேரத்தில் சரிசெய்தாக வேண்டும். நம் ஊரில் ஓதத்தை யாரும் மரணக் காரணமாக எழுதுவதில்லை. நிமோனியா என்று எழுதி முடித்துவிடுகிறார்கள்.

இதற்கு வரும் எதிர்வாதம் எனக்குத் தெரியும், அது லேசானதும் இல்லை. கறாராக விதி போட்டால் சின்ன வீடுகள் சந்தையை விட்டே போய்விடும், வாடகை ஏறும், கூலித் தொழிலாளி நடைபாதைக்கு வருவான் என்கிறார்கள். அறை அளவில் கை வைத்தால் உண்மையில் அப்படித்தான் ஆகும். 90 சதுர அடி அறையை மூடச் சொல்லி யாருக்கும் நல்லது நடக்காது. அதனால் அளவை இப்போதைக்கு விடுங்கள். வெளிக்காற்றுக்குத் திறக்கும் ஒரு ஜன்னல், குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ், ஓதம் இல்லாத சுவர், ஷாக் அடிக்காத வயரிங், வெயிலைத் தாங்கும் கூரை, குழாயில் தண்ணீர். இவற்றில் பலவற்றுக்கு ஒரு மாத வாடகைகூட ஆகாது. மூடிய டக்ட்டைத் திறக்க ஷீட்டைக் கழற்றினால் போதும்.

வாடகை ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்ய வேண்டும் என்று ஏற்கெனவே சட்டம் சொல்கிறது. அந்தப் பதிவிலேயே இந்த ஆறையும் வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். பொய் என்று குடியிருப்பவர் புகார் செய்தால் மாநகராட்சி சுகாதார ஆய்வாளர் வந்து பார்க்கட்டும். குறை இருந்தால் வீட்டுக்கு சீல் வைக்கக் கூடாது, ஆளைக் காலி செய்யவும் கூடாது. சரிசெய்யும் வரை வாடகையில் ஒரு பங்கு பிடித்தம். புகார் கொடுத்த ஒரு வருடத்துக்குள் காலி செய்யச் சொன்னால், அது பழிவாங்கல் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. இந்தக் கடைசி வரி இல்லாமல் மற்றதெல்லாம் வீண், ஏனென்றால் சென்னையில் புகார் கொடுக்கப் பயப்படாத வாடகைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை.