சிஆர்சி பிழையைக் காட்டும், திருத்தாது

மாங்கூழ் ஆலையில் வெப்பநிலை ரீடிங் விட்டு விட்டு வருகிறது என்று கேட்ட கிருஷ்ணகிரி நண்பருக்கு, "மாட்பஸ்ல சிஆர்சி இருக்கு, தப்பு தானா சரியாயிடும், கேபிளை விடுங்க" என்று மேலே ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். அது தவறு.

மாட்பஸ் ஆர்டியு என்பது ஆலைக் கருவிகள் கம்பி வழியே பேசிக்கொள்ளும் முறை. அதில் ஒவ்வொரு செய்தியோடும் போகும் 16 பிட் சரிபார்ப்பு எண்ணான சிஆர்சி பிழையைக் கண்டுபிடிக்க மட்டுமே. பொருந்தாவிட்டால் ஸ்லேவ் (பதில் சொல்லும் கருவி) அந்தச் செய்தியைத் தூக்கிப் போட்டுவிட்டு வாயே திறக்காது. டைம்-அவுட் ஆனபின் மாஸ்டர்தான் (கேள்வி கேட்கும் கருவி) திரும்பக் கேட்க வேண்டும். ரீட்ரை (எத்தனை தடவை திரும்பக் கேட்பது) 0 என்று செட் பண்ணியிருந்தால் அந்த ரீடிங் போனது போனதுதான்.

பாரிட்டி (ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று மட்டும் பார்க்கும் சோதனை) போதும் என்று நினைப்பதும் சரியில்லை. 85 டிகிரி என்பது 01010101. பக்கத்துப் பக்கத்து பிட் இரண்டு புரண்டு 00110101 ஆனால் அது 53. இரண்டிலும் ஒன்றுகள் நான்கு, பாரிட்டிக்கு வித்தியாசமே தெரியாது. சிஆர்சி இதைப் பிடித்துவிடும்.

ரீட்ரையிலும் ஒரு வம்பு உண்டு. கட்டளை போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் கெட்டிருக்கலாம். "5 கூட்டு" என்று லாஜிக் எழுதியிருந்தால் இரண்டு தடவை கூடிவிடும். "85 ஆக வை" என்று நேரடி மதிப்பாக எழுதுங்கள்.

இனி கேபிள். லைனின் இரு முனையில் மட்டும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். பவரை நிறுத்தி ஏ, பி என்ற இரண்டு டேட்டா கம்பிகளுக்கு இடையே மீட்டர் வைத்தால் சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். 40 காட்டினால் நடுவில் எவரோ மூன்றாவது ரெசிஸ்டரைப் போட்டிருக்கிறார்கள். விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் ஓட்டியிருந்தால் முதலில் அதைப் பிரியுங்கள்.