அம்மாவைப் பக்கத்தில் வைத்திருப்பது களவு இல்லை

கனடாவில் நம்மவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை நடத்திய நேரலையைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கும் இதற்குள் யாராவது வெட்டி அனுப்பியிருப்பார்கள், அதனால் முழுக் கதையும் சொல்லவில்லை. அழைப்பெடுத்த அந்தப் பிள்ளை கேட்டது ஒரே கேள்வி. "அம்மா சுப்பர் விசாவில வந்து எங்களோட இருக்கிறா. ஸ்பொன்சர் ஃபைல் போட்டிருக்கிறம். முடிவு வரும்வரை இங்கயே இருக்கலாமோ?" (சுப்பர் விசா என்பது பெற்றோர் நீண்ட காலம் விசிட்டராக வந்து தங்குவதற்கான விசா. ஸ்பொன்சர் என்பது பிள்ளை பொறுப்பேற்றுப் பெற்றோரை நிரந்தரமாகக் கூப்பிடும் விண்ணப்பம்.) அதற்கு நேரலை நடத்திய அந்த அண்ணை, "விசிட் எண்டு கூப்பிட்டுப்போட்டு நிரந்தரமா வச்சிருக்கப் பாக்கிறது களவு தங்கச்சி, முதல் அவவைத் திருப்பி அனுப்பும்" என்றார். பிள்ளையின் குரல் உடைந்தது. பின்னால் யாரோ ஒரு வயதான அம்மா "என்னவாம் பிள்ளை?" என்று கேட்டது மைக்கில் விழுந்தது. அது இன்னும் என் காதில் நிற்கிறது.

சரி, அண்ணை சட்டம் கதைத்தபடியால் நானும் சட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தில் 22ஆம் பிரிவு, 2ஆம் உட்பிரிவைப் பாருங்கள். நிரந்தரமாகக் குடியேற விருப்பம் இருப்பதாலேயே ஒருவர் தற்காலிகமாக வந்து தங்க முடியாது என்று ஆகாது. அனுமதித்த காலம் முடிந்தால் வெளியேறுவார் என்று அதிகாரி நம்பினால் போதும். அதாவது பிஆருக்கு (நிரந்தர வதிவிட உரிமைக்கு) ஃபைல் போட்ட தாய், விசிட்டராகவும் சட்டப்படி இங்கே இருக்கலாம். இது ஒளித்து மறைத்துச் செய்கிற வேலை இல்லை, சட்டப் புத்தகத்தில் எழுதிக் கிடக்கிறது.

இந்தச் சுப்பர் விசா எப்படி வந்தது என்றாவது அந்த நேரலையில் இருந்த யாருக்காவது ஞாபகம் இருந்ததா? 2011 நவம்பரில், ஃபைல்கள் மலைபோல் குவிந்துவிட்டன என்று பெற்றோர் ஸ்பொன்சருக்குப் புது விண்ணப்பம் எடுப்பதை அரசு நிறுத்தியது. அடுத்த மாதமே சுப்பர் விசாவைக் கொண்டுவந்தது. ஸ்பொன்சர் இழுபடும், அதுவரை பெற்றோர் பிள்ளைகளோடு வந்து இருக்கட்டும் என்று அரசே திறந்த கதவு இது. 2022 ஜூலையில் ஒரு தடவை வந்தால் 5 ஆண்டு வரை தங்கலாம் என்று நீட்டியதும் அரசுதான். அரசு கொடுத்த விசாவில், அரசு கொடுத்த காலத்துக்குள், தன் பிள்ளையின் வீட்டில் இருக்கிற ஒரு தாயைப் பார்த்து எப்படிக் களவு என்று சொல்ல வாய் வருகிறது?

"எங்கட வரிக் காசில வைத்தியம் பாக்க வந்தவை" என்று நேரலைக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார், அதற்கு நிறைய லைக்கும் விழுந்திருந்தது. விசிட்டருக்கு ஒன்ராறியோ ஹெல்த் கார்ட் கிடையாது. சுப்பர் விசா கேட்கும்போதே குறைந்தது ஒரு லட்சம் டொலருக்கு, ஒரு வருடத்துக்குத் தனியார் இன்சூரன்ஸ் காட்ட வேண்டும். மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். பிள்ளையின் வருமானமும் காட்ட வேண்டும். இதெல்லாம் முடித்துத்தான் விசா.

அந்த இன்சூரன்ஸ் எப்படிப்பட்டது என்றும் சொல்கிறேன். போன குளிர்காலத்தில் ஓர் இரவு அம்மாவுக்கு நெஞ்சில் இறுக்கம். கட்டில் ஓரத்தில் குனிந்து இருந்துகொண்டு, ஒரு கையால் ஸ்வெட்டரைக் கசக்கிப் பிடித்தபடி, "ஒண்டுமில்லை, வாயு" என்கிறார். பிரஷர் மெஷினைக் கட்டினால் மேல் இலக்கம் 190ஐத் தாண்டி நிற்கிறது. நான் ஜக்கெற்றைப் போட்டுவிட அம்மா கையை இழுத்துக்கொண்டார். "இதுக்கு இன்சூரன்ஸ்காரன் குடுப்பானோ? எனக்கு இப்பதானே குளிசையைக் கூட்டினது" என்று கேட்டார். பல பொலிசிகளில் பழைய வருத்தம் 90 நாளோ 180 நாளோ மாற்றமில்லாமல் இருக்க வேண்டும், குளிசையின் அளவைக் கூட்டினாலே அது மாற்றம். நான் எப்போதோ போனில் யாருக்கோ சொன்னதைக் கேட்டு மனதில் வைத்திருக்கிறார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிற நேரத்திலும் பிள்ளைக்குக் காசு போய்விடும் என்றுதான் அவருக்கு யோசனை. அந்த பில்லை நானும் இவரும்தான் கட்டினோம். வரிக் காசு என்று எழுதியவரின் பொக்கற்றிலிருந்து ஒரு சதமும் போகவில்லை.

விசா முடிந்தும் ஒளிந்திருப்பவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கலாம். அது வேறு கதை, அந்தப் பிள்ளை அதைக் கேட்கவில்லை. திகதிக்குள் இருக்கிற அம்மாவைப் பற்றித்தான் கேட்டாள்.

"வரிசையில் நிற்க வேண்டியதுதானே" என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். எந்த வரிசை? 2014இல் பெற்றோர் ஸ்பொன்சரைத் திரும்பத் திறந்தபோது வருடத்துக்கு 5,000 விண்ணப்பம் என்றார்கள். 2017இல் குலுக்கல் ஆக்கினார்கள். 2019 ஜனவரியில் இணையத்தில் முந்தியவருக்கு என்றார்கள், சில நிமிடத்தில் மூடிவிட்டது. வேலையில் நின்றவர்கள் போனை எடுக்குமுன் முடிந்துபோன கதை ஸ்காபரோவில் எத்தனை வீட்டில் இருக்கிறது! பிறகு 2020 ஒக்ரோபரில் பெயர் கொடுக்கச் சொன்னார்கள். அந்த ஒரே பட்டியலிலிருந்துதான் 2025 வரைக்கும் அழைப்பு அனுப்பினார்கள். 2020க்குப் பிறகு பிஆர் எடுத்த பிள்ளை தன் தாயின் பெயரைப் பதியவே அந்தக் காலம் முழுக்க வழி இருக்கவில்லை. வரிசையில் நில் என்று சொல்பவர்கள் வரிசை எங்கே தொடங்குகிறது என்று முதலில் காட்டட்டும்.

அழைப்புக் கிடைத்தாலும் லேசா? மூன்று வருட வரி மதிப்பீட்டுக் கடிதம், குறைந்தபட்ச வருமான அளவுக்கு மேல் 30 வீதம், அப்புறம் 20 வருடத்துக்குப் பெற்றோரின் பொறுப்பு எங்களுடையது என்று கையெழுத்து. அந்த வருமானக் கோட்டுக்குக் கீழே விழக்கூடாது என்று இவர் இரண்டாவது வேலைக்குப் போனார், நான் கிடைத்த இரவு ஷிஃப்ட் எல்லாம் எடுத்தேன். அரசுக்கு 20 வருட உறுதி கொடுத்துவிட்டு நிற்கிற எங்களுக்குக் களவு என்று பெயர்.

நான் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறேன். மற்றவர்களின் தாய்மாரைக் குளிப்பாட்டி, தலை சீவி, ஊட்டி விடுகிறேன். மனமுவந்துதான் செய்கிறேன், அதில் எனக்குக் குறை இல்லை. 2020இல் கொரோனாவுக்காக உறவினர்களை உள்ளே விடாத காலத்தில் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே நின்று கை காட்டினார்கள், கண்ணாடியில் கையை வைத்து அழுதார்கள். தாயையும் பிள்ளையையும் பிரித்து வைக்கக்கூடாது என்று அப்போது ஊரெல்லாம் கதைத்தது. அந்த ஊருக்குள் எங்களுடைய தாய்மார் இல்லையா? ஆயிரக்கணக்கான மைலுக்கு அந்தப் பக்கம் தனியே இருப்பவர்களுக்கு ஜன்னலும் இல்லை.

"நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே" என்று மிகவும் நியாயமாகக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். போனேன், பார்த்தேன், வந்தேன். நான் வந்த பிறகு அம்மா இலங்கையில் எங்கள் சாவகச்சேரி வீட்டில் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். அப்பா போய்விட்டார், மூத்தவர் பிரான்ஸில், தங்கச்சி லண்டனில். காலையில் விழுந்தவரை மத்தியானம் தேங்காய் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அக்காதான் கண்டார். நான் அப்போது இங்கே யாரோ ஒருவரின் தாயைப் படுக்கையிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தேன், போன் லொக்கரில் கிடந்தது. அந்த வீட்டுக்கு அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, பிஆர் வரும்வரை உயிரோடு இருப்பா என்று நம்பிக்கொண்டிருக்கச் சொல்கிறீர்களா? ஃபைல் முடிய வருடக்கணக்கில் ஆகிறது. வயதானவர்களுக்கு அந்த வருடங்கள்தான் மிச்சமிருக்கிற வருடங்கள்.

என் மனதை அதிகம் நோகடித்தது இதைச் சொன்னது நம்மவர் என்பதுதான். வெள்ளைக்காரர் சொல்லியிருந்தால் தெரியாமல் சொல்கிறார் என்று விட்டிருப்பேன். நாங்கள் எப்படி இந்த நாட்டுக்கு வந்தோம்? எத்தனை பேர் எத்தனை விமான நிலையத்தில் பொய்ப் பெயரோடு நின்றோம்? 1986இல் நியூஃபவுண்லாந்துக் கடலில் உயிர்காக்கும் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் ஏற்றிக் காப்பாற்றினார்களே, அவர்கள் விசா கேட்டுவிட்டா தூக்கினார்கள்? ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்கிறவர்களுக்குச் சட்டம் ஒரு சாட்டு. தன் அம்மாவை 2000களிலேயே ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டு, கடைசி மூச்சு வரை பக்கத்தில் வைத்திருந்து வழியனுப்பியவர், அந்தப் பிள்ளையிடம் அம்மாவைத் திருப்பி அனுப்பு என்கிறார். அந்தச் செத்தவீட்டுக்கு நானும் போனேன். அவர் அழுததையும் பார்த்தேன்.

தங்கச்சி, இதை வாசித்தால், அந்த நேரலையைக் கேட்டு அம்மாவுக்கு ரிக்கெற் போட்டுவிடாதேயும். அம்மா சட்டப்படி இங்கே இருப்பது உங்கள் ஸ்பொன்சரைக் கெடுக்காது. ஆனால் ஃபைல் போட்டாயிற்று என்பதால் மட்டும் இருக்கும் உரிமையும் வராது, விசிட்டர் தகுதியைத் தனியாகக் காப்பாற்ற வேண்டும். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திய பக்கத்தைப் படம் எடுத்து வையும். தங்கும் காலம் முடிகிற திகதிக்கு முன்னரே நீட்டிப்புக்கு விண்ணப்பித்தால், அதற்கு முடிவு வரும்வரை இங்கேயே இருக்கலாம். அந்த இடைக்காலத்தில் நாட்டைவிட்டு வெளியே போனால் அந்தச் சலுகை போய்விடும். இன்சூரன்ஸ் ஒரு நாள்கூட விடுபடக் கூடாது, பழைய வருத்தம் பற்றி எழுதியிருப்பதைச் சின்ன எழுத்தானாலும் வாசியும். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காசுக்குப் பார்க்கவும் அம்மாவை விடாதேயும், விசிட்டர் வேலை செய்யக்கூடாது. வீடு மாறினால் ஃபைலில் முகவரியையும் மாற்றும்.

மற்றவர்களும் உள்பெட்டியில் கேளுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சிக்கலான ஃபைல் என்றால் உரிமம் உள்ள ஆலோசகரிடமோ வழக்கறிஞரிடமோ போங்கள். அதுவரை அம்மா உங்களோடு இருக்கட்டும்.