கொழுப்புக் கல்லீரலுக்கு ஏழு நாள் கீழாநெல்லிச் சாறு: பரவும் செய்தி தவறு

“கொழுப்புக் கல்லீரல் குடிப்பவர்களுக்கே வரும், வயதான பெற்றோருக்கு இருந்தால் மாத்திரைகளை நிறுத்திவிட்டு ஏழு நாள் கீழாநெல்லிச் சாறு கொடுங்கள்” என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது.

மதுவைத் தொடாதவர்களுக்கும் சர்க்கரை நோய், உடற்பருமன் ஆகியவற்றோடு சேர்ந்து இந்நோய் வருகிறது. மத்திய சுகாதார அமைச்சகம் 2021இல் இதைத் தொற்றாநோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது, அதற்கான வழிகாட்டுதல்களை அமைச்சகத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். எடை கூடியவர்கள் 7 முதல் 10 விழுக்காடு எடையை மெல்லக் குறைத்தால் கல்லீரல் அழற்சி தணிகிறது. ஆனால் முதியவர்கள் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையையும் இழப்பார்கள் என்பதால், உணவு மாற்றத்தை மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும். சர்க்கரை மாத்திரையைத் திடீரென நிறுத்துவது, சாற்றைவிடப் பெரிய ஆபத்து.

கல்லீரலில் தழும்பு ஏற்பட்டிருக்குமா என்பதை வயது, ரத்தத்தில் உள்ள இரண்டு கல்லீரல் நொதிகளின் (என்சைம்களின்) அளவு, ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டு மருத்துவர் கணிப்பார். அச்செய்தி வந்தால், தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.