செவலை அத்துக்கிட்டுப் போன 22 நொடி

அந்த வீடியோவைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் மூன்று நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இன்று காலை என் சித்தப்பா பையனே அதை எனக்கு அனுப்பி, "அக்கா, செம வைரல்" என்கிறான். சரி, எழுதிவிடுகிறேன்.

பார்க்காதவர்கள் இங்கே யாரும் மிச்சமில்லை என்று நினைக்கிறேன். நான் பைத்தான் என்கிற கணினி மொழிக்கு ஆன்லைனில் வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். பின்னால் எங்க ஆத்தா வந்து நின்று, "கண்ணு, செவலை கவுத்தை அத்துக்கிட்டுப் போயிருச்சு, சித்தெ வா சாமி" என்கிறது. செவலை எங்கள் மாடு. நான் மியூட் பட்டனைத் தேடித் தடுமாறுகிறேன். அதோடு வெட்டி, பின்னணியில் ஒரு கோமாளி மியூசிக். வகுப்பில் இருந்த 31 பேரில் ஒருத்தர்தான் வெட்டியது. யாரென்று தெரியும். சொல்ல மாட்டேன்.

சிரித்தவர்கள் மேல் பாதிக் கோபம்தான். மீதி, உருகியவர்கள் மேல். கமெண்டில் எழுதுகிறார்கள், "ஒரு பக்கம் கோடிங், ஒரு பக்கம் மாடு, கொடுத்து வெச்சவங்க!" எங்க கோபிக்கு, கோபிசெட்டிபாளையத்துக்குத்தான், சின்னக் கோடம்பாக்கம் என்றே ஒரு பேர் உண்டு. சினிமாக்காரர்கள் வருவார்கள், வயலையும் வாய்க்காலையும் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். களை எடுக்கிறவர் முதுகு அதில் வராது. உங்கள் ஹார்ட்டின் எல்லாம் அந்தக் கேமராதான்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். நான் அங்கே வேலை செய்துகொண்டிருந்தேன். அந்த 22 நொடிக்கு அடுத்து என்ன நடந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

அன்றைக்குப் பாடம் லிஸ்ட், பல தகவல்களை வரிசையாக ஒரே பேரில் போட்டு வைப்பது. 'ஏ' என்று ஒரு லிஸ்ட் இருக்கிறது. 'பி = ஏ' என்று எழுதினால் இன்னொரு லிஸ்ட் கிடைத்துவிட்டது என்று புதிதாகப் படிக்கிறவர்கள் எல்லாரும் நினைப்பார்கள். கிடைக்காது. லிஸ்ட் ஒன்றுதான், பேர்தான் இரண்டு. 'பி'யில் எதையாவது சேர்த்தால் 'ஏ'யிலும் அது வந்து நிற்கும். இதை இரண்டு வகுப்பாக டப்பா டப்பாவாகப் படம் போட்டு விளக்கினேன். தலையை ஆட்டினார்கள், மண்டையில் ஏறவில்லை. ஆத்தா போனதும் சொன்னேன்: "எங்க ஆத்தா அதைச் செவலைங்கும். என் பையன் லட்சுமிங்கறான். கட்டுத்தரையில நிக்கறது ஒரே மாடு. இப்பச் செவலை அத்துக்கிட்டுப் போயிருச்சு. லட்சுமி எங்க இருக்கும்?"

சாட்டில் பதில் கொட்டியது. அடுத்த கேள்வியையும் அவர்களே கேட்டார்கள், அப்போ தனி நகல் வேண்டுமென்றால்? அதற்கு 'ஏ.காப்பி()' என்று எழுதணும், அந்தியூர்ச் சந்தைக்குப் போய் இன்னொரு மாடு பிடித்து வருகிற மாதிரி என்றேன். (லிஸ்டுக்குள் லிஸ்ட் இருந்தால் அதுவும் போதாது. உள்ளே இருப்பதையும் சேர்த்து நகல் எடுக்கணும், அது டீப்காப்பி, அடுத்த வாரம்.) 2020-லிருந்து எடுக்கிற வகுப்புகளில் இதைவிட நன்றாக நான் ஐந்து நிமிடம் பாடம் நடத்தியதில்லை. அதைத்தான் வெட்டி எறிந்திருக்கிறார்கள்.

"கதவைச் சாத்தியிருக்கலாமே மேடம்." சாத்தியிருக்கலாம், தப்புத்தான். ஆனால் பெங்களூர் அடுக்குமாடியிலிருந்து பாடம் எடுக்கிறவர் பின்னால் குக்கர் விசில் அடித்தால் யாரும் மியூசிக் போடுவதில்லையே, ஏனுங்க? போன மாதம் ஒருத்தர், பின்னால் மயில் கத்துகிறது, ஏதாவது ஏற்பாடு செய்யுங்கள் என்றார். மயில் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. வெள்ளாமையைத் தின்கிறபோதே கையைத் தட்டி விரட்டுவதோடு சரி, உங்கள் வகுப்புக்காக அதை நான் என்ன செய்ய?

"ஜோஹோ ஸ்ரீதர் வேம்பு தென்காசிப் பக்கம் உட்கார்ந்து சாஃப்ட்வேர் கம்பெனியே நடத்தினார், நீங்க ஏன் அலுத்துக்கறீங்க?" அவர் முதலாளி. நான் மணிக்கணக்குக் கூலி. வகுப்பு நின்றால் அன்றைக்குக் காசு கிடையாது.

வகுப்பு நிற்கவா காரணம் இல்லை? பராமரிப்பு மின்நிறுத்தம் என்று பேப்பரில் போட்டால் காலை ஒன்பதிலிருந்து கரண்ட் இருக்காது, மூன்று மணிக்கு இன்வெர்ட்டரும் கையை விரிக்கும். கோடை மழையில் இடி இறங்குகிறபோது ஒயரைப் பிடுங்கி வைக்காமல் இரண்டு மோடத்தைப் பறிகொடுத்திருக்கிறேன். தென்னை மட்டை விழுந்து ஃபைபர் ஒயர் அறுந்தால், கேபிள்காரத் தம்பி வருகிற வரைக்கும் கோபியில் சினேகிதி வீட்டு மொட்டை மாடிதான் என் வகுப்பறை. எல்.பி.பி. என்கிற கீழ்பவானி வாய்க்காலில் தண்ணி விட்டால் எங்கள் முறை ராத்திரி ரெண்டு மணிக்கும் வரும். மடை திருப்பி முடித்து, காலைச் சேற்றைப் பாதி கழுவியும் கழுவாமலும் ஏழு மணி வகுப்புக்கு உட்கார்ந்திருக்கிறேன். கேமராவில் இடுப்புக்குக் கீழே தெரியாது. கொடுத்து வைத்தவள்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல். நான் பாடம் எடுக்கிற ஓர் இடத்தில், பேர் வேண்டாம், போன வருடம் மணிக்கு நூறு ரூபாய் குறைத்தார்கள். "நீங்க வில்லேஜ்லதானே இருக்கீங்க, செலவு கம்மிதானே." பைத்தானில் கிராம வெர்ஷன், டவுன் வெர்ஷன் என்று இரண்டு இருக்கிறதா? கைடோ வான் ரோசம் 1991-ல் வெளியே விட்ட மொழி, வரி ஆரம்பத்தில் விடுகிற இடைவெளி, இன்டென்ட், தப்பினால் கலிஃபோர்னியாவிலும் திட்டும், எங்கள் காட்டுச் சாளை வீட்டிலும் அதே வார்த்தையில் திட்டும். நான் விளக்குகிற லிஸ்ட் மட்டும் எப்படி நூறு ரூபாய் மலிவாகிறது?

ஊரில் கேட்டால் அது வேறு மாதிரி. கோவையில் எட்டு வருடம் ஐடி வேலை பார்த்துவிட்டு, கொரோனாவில் அப்பா போனதும் திரும்பி வந்தவள் நான். ஆத்தாவும் ஆறு ஏக்கரும் பார்க்க ஆள் இல்லை, வந்தேன். "வேலை போயிருச்சாட்டமிருக்கு" என்றார்கள். இப்போதும் ஒறம்பரை, சொந்தக்காரர்கள், போன் செய்து, "ஊட்டுல சும்மாதான இருக்கற, நோம்பிக்கு வாரதுக்கென்ன?" என்கிறார்கள். அங்கே நான் சும்மா இருக்கிறேன், இணையத்தில் கொடுத்து வைத்திருக்கிறேன், சம்பளச் சீட்டில் செலவு கம்மியாக இருக்கிறேன். வேலை செய்கிறேன் என்று மட்டும் எவரும் சொல்லக் காணோம்.

"நிலம் இருக்கு, பேசறீங்க. உங்க காட்டுல களை எடுக்க வர்ற அக்காவால இப்படி லேப்டாப்போட உக்கார முடியுமா?" என்று ஒருத்தர் கேட்டிருந்தார். முடியாதுதான். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அன்றைக்கு ஆத்தா கூப்பிட்டதும் நான் எழுந்து போகவில்லை. அது உங்களுக்குத் தெரியாது, வீடியோ அங்கே முடிந்துவிட்டதே. வகுப்பு ராத்திரி எட்டு மணி வரைக்கும் இருந்தது. 78 வயசு, கால் மூட்டு வலி, டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு அது தனியாகத் தேடிப் போனது. நான் இங்கே 31 பேருக்கு லட்சுமி எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நேற்று ஆத்தாவிடமே வீடியோவைக் காட்டிவிட்டான் என் பையன். முழுசாகப் பார்த்தது. முந்நூறு பேருக்கு மேல் கமெண்ட் போட்டிருக்கிறார்கள் என்றான். "அத்தனை பேருல மாடு கெடச்சுதான்னு ஒருத்தராச்சும் கேட்டாங்களா சாமி?" என்றது.

கெடச்சுதுங்க. வாய்க்கால் மேட்டுல மேஞ்சுக்கிட்டு நின்னுது.