முதலில் இன்ஜின், அப்புறம்தான் தண்ணீர்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் கடலில் ஓட்டிய ஸ்டாண்ட்-அப் ஜெட் ஸ்கியை (நின்றுகொண்டு ஓட்டும் நீர் ஸ்கூட்டர்) மதுரைக்குக் கொண்டுவந்து, இன்ஜினின் கூலிங் பாதைக்குள் ஹோஸ் வழியாகத் தண்ணீர் விட்டுக் கழுவும்போது, “முதலில் ஹோஸைத் திறந்துவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள்” என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், முறை நேர் எதிர். இன்ஜின் ஓடினால்தான் புகையின் அழுத்தம் தண்ணீரை வெளியே தள்ளும். ஓடாதபோது எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் குழாய்) நிரம்பி, தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறிவிடும். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடுதான் வளையும்.

ஸ்டார்ட் செய்ததும் உடனே தண்ணீர் விடுங்கள். தண்ணீரில்லாமல் 15 விநாடிக்கு மேல் ஓட்டக் கூடாது. முடிக்கும்போது தண்ணீரை முதலில் மூடி, இரண்டு மூன்று முறை த்ராட்டில் கொடுத்து, பிறகு அணையுங்கள்.

ஏற்கெனவே மாற்றிச் செய்துவிட்டீர்களா? ஸ்டார்ட் பட்டனைத் தொடாமல், முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுங்கள். நம் ஊரில் பல இடங்களில் போர்வெல் தண்ணீர் உப்பு என்பதால், கழுவ நல்ல தண்ணீர் கிடைத்தால் இன்னும் நல்லது.