டார்ச் அடித்தது நான்தான்

பிளாஸ்டிக் கார் மாடல் செய்யும் நம் ஆட்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. வராதவர்களுக்கும் இதற்குள் இரண்டு மூன்று விதமாகக் கதை போய்ச் சேர்ந்திருக்கும். ஒரு கதையில் நான் காலேஜ் படிக்கும் ஒரு தம்பி செய்த மாடல் காரைத் தூக்கி எல்லோருக்கும் காட்டிச் சிரித்தேனாம். இன்னொன்றில் அவன் அழுதுகொண்டே கிளம்பிப் போனானாம். இரண்டும் நடக்கவில்லை. கார் மேசைக்கு வந்தது. "குறை இருந்தா சொல்லுங்கண்ணா, அடுத்ததுல சரி பண்ணிக்கிறேன்" என்று தம்பி கேட்டான். நான் போனில் டார்ச்சைப் போட்டு பானெட் மேல் சாய்த்துப் பிடித்தேன்.

அதற்குத்தான் இப்போது அறிவிப்பு வந்திருக்கிறது. இனி கூட்டத்துக்கு யாரும் டார்ச், லென்ஸ், வெர்னியர் அளவுகோல் எடுத்து வரக் கூடாதாம். நேர்மறையான சூழலைப் பேண வேண்டுமாம். நல்லது. அடுத்த மாதம் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன், இன்னும் நேர்மறையாக இருக்கும்.

அவன் கேட்டான், நான் சொன்னேன். முதலில் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

என்ன சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அதை மட்டும் யாரும் பரப்பவில்லை. அது டாமியா கம்பெனியின் கிட், அதாவது பாகங்களை நாமே ஒட்டிப் பெயின்ட் அடிக்கும் பெட்டி. நிஸான் ஸ்கைலைன் ஆர்34 கார், 1/24 அளவு, அசலில் 24-ல் ஒரு பங்கு. நீலம். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் பளபளவென்று நன்றாகவே இருந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததும் பானெட் முழுக்க ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக மேடு தெரிந்தது. ஸ்ப்ரே கேனை ரொம்பத் தள்ளிப் பிடித்து அடித்தால், பெயின்ட் போய் உட்கார்ந்து சமமாவதற்குள் காய்ந்துவிடும். அதனால் வருவது. கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, இன்னும் கிட்டத்தில் மெல்லிசாக அடி, நன்றாகக் காய விடு, அப்புறம் 2000 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்), 3000, கடைசியில் பாலிஷ் என்றேன். கதவில் ஒட்டிய டிக்கலுக்கு (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) அடியில் காற்று மாட்டி வெள்ளி மாதிரி மினுங்கியது. ஒட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தில் பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட் அடித்தால் அது வராது. முன் கண்ணாடியின் ஓரத்தில் பனி படிந்த மாதிரி வெள்ளை. ஃபெவிக்விக் வகைப் பசையின் ஆவி கண்ணாடிப் பாகத்தில் பட்டால் அப்படித்தான் ஆகும், அங்கே அந்தப் பசையே கூடாது. முன்னால் இடது சக்கரம் தரையில் படவில்லை. அதன் அடியில் ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்துக் காட்டினேன்.

ஒவ்வொன்றுக்கும் மருந்தும் சொன்னேன். குறையை மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. இது ஏன் யாருடைய கதையிலும் இல்லை?

மேசையைச் சுற்றி நின்ற மற்றவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "சூப்பர் ப்ரோ." "வேற லெவல்." ஒருவர் காரைப் பார்க்கவே இல்லை, சமோசா தட்டைப் பார்த்துக்கொண்டே "செம ஃபினிஷிங்" என்றார். அவர் பெயரை எழுதவில்லை, அவருக்கே தெரியும்.

"கண்ணுக்குத் தெரியாத குறையை டார்ச் அடித்துத் தேடுவானேன்" என்கிறார்கள். சின்ன வண்டியில் குறை சின்னதாக இருக்காது, அதுதான் விஷயம். 1/24 மாடலில் 0.1 மில்லிமீட்டர் கனத்துக்குப் பெயின்ட் ஏறினால், அசல் வண்டிக்கு அது 2.4 மில்லிமீட்டர். 2.4 மில்லிமீட்டருக்குப் பெயின்ட் அப்பிய காரை ரோட்டில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? கதவு இடுக்கெல்லாம் அடைந்து, கார் சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும். பிரிட்டனில் 1963-ல் தொடங்கிய ஐ.பி.எம்.எஸ். என்ற பிளாஸ்டிக் மாடல் சங்கத்துக்கு இன்று பல நாடுகளில் கிளை இருக்கிறது. அவர்கள் போட்டியில் நடுவர்கள் கையில் சின்ன டார்ச்சோடுதான் மேசை மேசையாகப் போவார்கள். அசல் வண்டியை அப்படியே உரித்து வைத்திருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். இணைப்புக் கோடு தெரிகிறதா, பசை வழிந்திருக்கிறதா, பெயின்ட் எப்படி, நாலு சக்கரமும் தரையில் நிற்கிறதா என்பதுதான் முதல் பார்வை. அவர்களுக்கும் நேர்மறை போதாது போலிருக்கிறது.

"இவ்வளவு காசு போட்டு வாங்கிச் செய்த பையனிடம் போய்..." என்றார் ஒரு அண்ணன். காசைப் பற்றி எனக்கே பாடமா? பொம்மைகளுக்கான சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70. வரிப் புத்தகத்தில் நம் ஸ்கேல் மாடலும் பொம்மைக் கணக்கில்தான் வருகிறது. ஒரு கிட் வாங்க ஒரு காலேஜ் பையன் எத்தனை மாதம் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சொன்னேன். அடுத்த கிட்டிலும் அதே பானெட், அதே ஆரஞ்சுத் தோல் வந்தால் அந்தக் காசை இந்த "சூப்பர் ப்ரோ"க்கள் தருவார்களா?

"தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே." சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் கேட்டது மேசையில் வைத்து, எல்லோர் முன்னாலும். பக்கத்தில் நின்ற இன்னும் இரண்டு பையன்கள் டிக்கல் விஷயத்தைப் போனில் குறித்துக்கொண்டார்கள், நான் பார்த்தேன். பாராட்டு என்றால் ஊர் கூடி, குறை என்றால் மாடிப்படிக்குக் கீழே, அப்படித்தானே?

"ஜாலிக்குத்தானே செய்கிறோம்" என்பவர்களுக்குப் பதில் இல்லை. ஜாலியாகவே செய்யுங்கள். குறை இருந்தால் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

என் அப்பா புதுப்பேட்டையில் ஒரு டிங்கரிங் பட்டறையில் பெயின்டர். பட்டி வைத்துத் தேய்த்த கதவை அவர் கண்ணால் பார்த்து நான் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை மேலிருந்து கீழே ஒருமுறை ஓட்டுவார். ஒரு இடத்தில் கை நிற்கும். அங்கே பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு வந்த லீவில் என்னையும் அங்கே விட்டார். ஒரு டாக்ஸியின் டிக்கி மூடிக்கு மஞ்சள் அடிக்கச் சொன்னார்கள். ஆர்வக் கோளாறு, ஈரம் காய்வதற்குள் மேலே மேலே அடித்தேன். பெயின்ட் வழிந்து அப்படியே இறுகிவிட்டது. பட்டறைக்காரர் எல்லோரையும் கூப்பிட்டார். "இது டிக்கியா, மெழுகுவத்தியா?" பத்துப் பேர் சிரித்தார்கள். அப்பாவும் அங்கேதான் நின்றார். எதுவும் பேசவில்லை. மறுநாள் காலையில் ஒரு வாளித் தண்ணீரும் வாட்டர் பேப்பரும் என் முன்னால் வைத்துவிட்டு, "காய விட்டு அடி. ஈரத்து மேல ஈரம் ஏத்தாத" என்றார். அந்த வழிசலைத் தேய்த்து எடுக்க இரண்டு நாள் ஆனது. விரல் நுனித் தோல் உரிந்துவிட்டது.

"ஆக, உனக்கு நடந்ததை நீ அவனுக்குச் செய்கிறாய்" என்று ஒருவர் இதற்கும் வருவார். இல்லை. நான் யாரையும் கூப்பிட்டுச் சிரிக்க வைக்கவில்லை. மெழுகுவத்தி என்று சொல்லவில்லை. டார்ச் அடித்தேன், மருந்து சொன்னேன்.

சரி, ஒன்று சொன்னேன். கடைசியில் காரைக் கீழே வைக்கும்போது "கொஞ்சம் அவசரக் கோலம்டா தம்பி" என்றேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அப்போது அவன் முகம் சட்டென்று மாறியதை நானும் பார்த்தேன். அந்த ஒரு வார்த்தைக்கு அவனிடம் நேரிலேயே வருத்தம் தெரிவிப்பேன். ஆனால் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் பொய்யாக்கப் பார்க்கிறீர்களே, அது மட்டும் நியாயமா? அவசரமாக அடித்த பெயின்டை அவசரம் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? சரி, விடுங்கள். வருத்தம் என்று சொல்லிவிட்டேன், திரும்ப அங்கேயே போகக் கூடாது.

"பொறாமை" என்று ஒரு குரல் வந்தது பாருங்கள், அதுதான் தூங்க விடவில்லை. இருபது வயதுப் பையனின் ஸ்கைலைனைப் பார்த்து எனக்குப் பொறாமை. "இவர் என்ன பெரிய இவரா, இவர் செஞ்சதை எத்தனை பேர் பார்த்தாங்க?" என்றும் கேட்டிருக்கிறார்கள்.

நல்ல கேள்வி. எத்தனை பேர் பார்த்தீர்கள்?

ஜனவரிக் கூட்டத்துக்கு என் அம்பாசிடரைக் கொண்டுவந்தேன், ஞாபகம் இருக்கிறதா? கறுப்பு உடம்பு, மஞ்சள் மேல்பாகம், பழைய மெட்ராஸ் டாக்ஸி. கிட் கிடையாது. மரத்தில் அச்சு செதுக்கி, சூடாக்கிய பிளாஸ்டிக் ஷீட்டை அதன் மேல் இழுத்துச் செய்த பாடி. கிரில் கம்பி ஒவ்வொன்றும் வயரை உரித்து எடுத்த செம்பு இழை. 14 மாதம். மூன்று முறை பெயின்டை பிரேக் ஆயிலில் ஊற வைத்து உரித்து மறுபடி அடித்தேன். மழை நாளில் அடித்ததால் ஒருமுறை முழுக்க வெளுத்துப் போனது. ஈரக்காற்றில் லாக்கர் வகைப் பெயின்ட் அடித்தால் அப்படித்தான் ஆகும் என்று தெரிந்தும், பொங்கலுக்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். ஆமாம், எனக்கும் அவசரம்தான்.

மேசையில் வைத்தேன். "சூப்பர் சார்." "நாஸ்டால்ஜியா சார்." ஒருவர் அவர் தாத்தா அம்பாசிடர் வைத்திருந்த கதையைச் சொன்னார். நாலு நிமிடம், அதற்குள் அடுத்த கார் வந்துவிட்டது.

அந்த வண்டியில் ஒரு பெரிய தப்பு இருக்கிறது. அசல் அம்பாசிடரில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2464 மில்லிமீட்டர். 24-ஆல் வகுத்தால் 103-க்குக் கொஞ்சம் கம்மி. என்னுடையதில் 99. புதிதாக வெட்டச் சோம்பேறித்தனப்பட்டு இன்னொரு கிட்டின் அடித்தட்டை அப்படியே எடுத்து வைத்ததன் பலன். அசல் வண்டிக் கணக்கில் நாலு விரல் அகலத்துக்கு மேல் குறைகிறது. பின் சக்கரம் முன்னால் நகர்ந்து பின் கதவைத் தின்றுவிட்டது. அந்தக் கதவில் இறங்கி ஏறிய யாருக்கும் அது உறுத்த வேண்டும். பெயின்ட் அடித்து முடித்த அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் கொண்டுவந்தேன். யாராவது ஒருவர், "சார், பின் கதவு ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்பார் என்று மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கேட்டிருந்தால் அந்த அடித்தட்டின் கதை, பட்டறை, மஞ்சள் டிக்கி எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. கிளம்பும்போது, "சார், பெட்டியை எடுத்துக்குங்க, டீ வைக்கணும்" என்றார்கள்.

அந்தத் தம்பியின் பானெட்டை நான் ஆறு நிமிடம் பார்த்தேன். என் வண்டியை யாரும் அவ்வளவு நேரம் பார்க்கவில்லை. இதைப் பொறாமை என்று எழுதுபவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

கீழே அம்பாசிடரின் படம் போட்டிருக்கிறேன். பக்கவாட்டில் எடுத்தது, கீழே ஸ்கேல் வைத்து. பின் கதவு நன்றாகத் தெரியும்படி டார்ச் அடித்திருக்கிறேன். "சூப்பர் சார்" போட வருகிறவர்கள் சிரமப்பட வேண்டாம்.