டீயை நம்பி சுறா சாப்பிடலாமா?
மீன் சாப்பிட்ட கையோடு பால் விடாத டீ குடித்தால் பாதரசம் உடம்பில் சேராது என்று ஒரு கட்டுரையில் படித்தேன், அது மிகை. குன்னூரில் டீத்தூளை நம்பிப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது, அது உண்மையானால் எனக்குத்தான் முதல் சந்தோஷம். டீ, காபி சேர்த்தால் மீனிலிருந்து கரைந்து வரும் பாதரசம் குறைகிறது என்று காட்டியது ஆய்வகத்தில் செயற்கைச் செரிமான நீரில் செய்த சோதனை, மனித வயிற்றில் அல்ல. அமேசானில் மீன் நிறைய சாப்பிடும் தபஜோஸ் ஆற்றங்கரை மக்களில் பழமும் அதிகம் சாப்பிட்டவர்களின் தலைமுடியில் பாதரசம் குறைவாக இருந்தது, சரி. ஆனால் அதுவும் குறைவுதான், பூஜ்யம் இல்லை. மீனில் இருப்பது பெரும்பாலும் மீத்தைல் பாதரசம், அதாவது கார்பனோடு சேர்ந்த நச்சு வடிவம். சதையின் புரதத்தோடு ஒட்டிக்கிடப்பதால் மஞ்சளும் உப்பும் போட்டு எத்தனை தண்ணீரில் அலசினாலும் போகாது. சாப்பிட்டதில் 95 சதவீதம் வரை குடல் உறிஞ்சிவிடும், அதில் பாதி வெளியேறவே சுமார் 50 நாள் ஆகும். அதனால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும் மீன் வண்டியில் நான் பாதரசம் குறைவான மத்தி, நெத்திலியோடு நிறுத்திக்கொள்வேன், அது அதிகம் இருக்கும் சுறா பக்கம் போவதில்லை. கொடைக்கானல் ஆலையின் பாதரசத்தையும் இதோடு சேர்த்துப் பேசுபவர்களுக்கு: 2001இல் மூடிய அந்த தெர்மாமீட்டர் ஆலையில் தொழிலாளர்களுக்கு ஆபத்தாக இருந்தது பாதரச ஆவி, அது நுரையீரல் வழியாகப் போவது, சாப்பாட்டுக் கணக்கு அங்கே செல்லாது. அப்புறம், சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து சேர்வதும் குறையும். ரத்தசோகை இருந்த என் அம்மாவிடம் டாக்டர் முதலில் நிறுத்தச் சொன்னதே சாப்பிட்டதும் குடிக்கும் அந்த ஒரு டம்ளர் டீயைத்தான்.